குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்: இலவசமாகக் கிடைக்கும் காட்டுக் காவல், எதுவரை நம்பலாம்?

உலக வளங்கள் நிறுவனம் 2014-இல் தொடங்கிய இணையச் சேவை இது. அமேசான், காங்கோ, போர்னியோ என எந்த மழைக்காட்டில் மரம் குறைந்தாலும் செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைபடத்தில் காட்டும். காசு கிடையாது, பார்க்க மட்டும் என்றால் கணக்கும் தேவையில்லை. 2017-இல் வந்த ‘ஃபாரஸ்ட் வாட்சர்’ கைப்பேசிச் செயலி இதன் தம்பி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: நிலத்துக்காகக் காட்டை மொட்டையடிப்பவர்களைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல இலவசக் கருவி இல்லை. நல்ல மரமாகப் பார்த்து ஒன்றிரண்டாக வெட்டிக் கடத்துபவர்களிடம் இது பாதி தோற்கும்.

வரைபடத்தைத் திறந்ததும் தெரியும் இளஞ்சிவப்பைப் பார்த்துப் பதறுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அது ‘மர மூடாக்கு இழப்பு’ என்ற அடுக்கு, அதாவது வரைபடத்தின் மேல் போர்த்தும் தகவல் படலம். மேரிலாந்து பல்கலைக்கழகம் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து 2001 முதல் ஆண்டுதோறும் கணக்கிடுவது, ஒரு பிக்சல் (படத்தின் மிகச் சிறிய சதுரம்) பக்கத்துக்கு 30 மீட்டர். 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த எல்லாம் இதற்கு மரம்தான். செம்பனை, ரப்பர், யூகலிப்டஸ் எல்லாம் சேர்த்தி. கன்னியாகுமரியில் பால் வற்றிய ரப்பரை வெட்டிப் புதுக்கன்று நட்டாலும் இழப்பு, நீலகிரியில் புல்வெளியை மீட்க அந்நிய வாட்டில் மரத்தை அகற்றினாலும் இழப்பு. சோலையை ஒட்டிய புல்வெளியை யாராவது உழுது அழித்தால் மட்டும் இந்த அடுக்கு மூச்சுவிடாது, அங்கே இழக்க மரமில்லை அல்லவா.

இதற்கு மருந்து, ‘முதன்மைக் காடு’ (வெட்டப்படாத பழைய இயற்கைக் காடு) அடுக்கையும் கூடவே இயக்குவது. 2024-இல் வெப்பமண்டல முதன்மைக் காடு 67 லட்சம் ஹெக்டேர் அழிந்தது, அதில் ஏறக்குறைய பாதி தீயால் என்று செய்திகளில் வந்ததெல்லாம் இந்த அடுக்குக்குள் எண்ணியதுதான். இன்னொரு எச்சரிக்கை: 2011 முதலான ஆண்டுகளுக்குக் கணக்கிடும் முறை மேம்படுத்தப்பட்டது. ஆகவே 2005-ஐயும் 2020-ஐயும் பக்கத்தில் வைத்து ‘இத்தனை மடங்கு’ என்று பட்டை வரைபடம் போட்டால், அதில் ஒரு பகுதி கருவி கூர்மையானதன் விளைவாகவும் இருக்கும்.

காவல் வேலைக்கு உண்மையில் உதவுவது ஆண்டுக் கணக்கு அல்ல, எச்சரிக்கைகள். ஒருங்கிணைந்த எச்சரிக்கை என்ற ஒரே அடுக்குக்குள் முக்கியமாக மூன்று அமைப்புகள் இருக்கின்றன. லேண்ட்சாட் படத்தில் இயங்கும் கிளாட், பிக்சலில் பாதிக்கு மேல் மூடாக்கு போனால்தான் குரல் கொடுக்கும். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 படத்தில் இயங்கும் அதன் 10 மீட்டர் வகை இரண்டாவது. மூன்றாவது, வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தின் ராட். இது சென்டினல்-1 ரேடாரில் இயங்குவதால் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். காங்கோ போல வானம் மூடியே கிடக்கும் இடங்களில் ராட் இல்லாமல் வேலைக்காகாது. 2021 டிசம்பரில் அந்த ரேடார் செயற்கைக்கோள் இணையில் ஒன்றான சென்டினல்-1பி செயலிழந்த பிறகு பல இடங்களில் ரேடார் படம் வரும் இடைவெளி நீண்டது, அந்தக் காலத்துத் தரவைப் பார்க்கும்போது நினைவில் இருக்கட்டும்.

எச்சரிக்கையோடு வரும் தேதி, மாற்றம் கண்ணில் பட்ட தேதி. மரம் விழுந்த நாள் அதற்கு வாரக்கணக்கில் முன்னதாகவும் இருக்கலாம். மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்ததும் எண்ணிக்கை திடீரென எகிறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று மாதம் நடந்த வெட்டு ஒரே வாரத்தில் நடந்தது போலத் தெரியும். நம்பகத்தில் மூன்று படி உண்டு: ஒருமுறை மட்டும் தெரிந்தது கீழ்ப்படி, அதே அமைப்பு மீண்டும் கண்டது நடுப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் கண்டது மேல்படி. கீழ்ப்படியில் இருப்பவற்றில் சில பின்னர் தானாகவே நீக்கப்படும். ஆள் அனுப்பும் செலவு அதிகமென்றால் மேல் இரண்டு படிகளை மட்டும் எடுங்கள். ரோந்துப் பாதை பக்கத்திலேயே இருந்தால் கீழ்ப்படியையும் போய்ப் பார்த்துவிடலாம், வெட்டு முற்றுவதற்குள் போய்ச் சேர அதுதான் வழி.

அமைக்கும் விதம் எளிது. இலவசக் கணக்கு தொடங்கி, காக்க வேண்டிய எல்லையை வரைபடத்தில் வரையுங்கள், அல்லது கேஎம்எல், ஷேப்ஃபைல் போன்ற வரைபடக் கோப்பாக ஏற்றுங்கள். கையால் வரைந்த எல்லை பக்கத்துத் தோட்டத்தையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும், அப்புறம் அஞ்சல் பெட்டி நிறையப் பொய் அலறல்தான். கோப்பு இருந்தால் அதுவே மேல். எல்லையைச் சேமித்து மின்னஞ்சல் எச்சரிக்கையைத் தேர்ந்தெடுங்கள். எச்சரிக்கை வந்ததும் ‘அண்மைப் படங்கள்’ பகுதியில் முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்த பிறகே ஆளை அனுப்புங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் நிலச்சரிவையும் ஆற்றின் திசைமாற்றத்தையும் பார்க்க டீசல் எரிப்பவர்கள். தீ எச்சரிக்கை வேறு கணக்கு: வெப்பத்தை விண்ணிலிருந்து அறியும் விர்ஸ் கருவியின் பிக்சல் 375 மீட்டர், புள்ளி விழுவது அதன் நடுவில். தீ அந்தச் சதுரத்தில் எங்கேயும் இருக்கலாம்.

ஃபாரஸ்ட் வாட்சரின் பெரிய பலம், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்வது. ஊரை விட்டுக் கிளம்பும் முன் எச்சரிக்கைகளையும் அடிப்படை வரைபடத்தையும் இறக்கி வைத்துவிட வேண்டும். காட்டுக்குள் போன பிறகு நினைவு வந்தால் பயனில்லை. புள்ளியை நோக்கி வழிகாட்டும், நடந்த பாதையைப் பதியும், படத்தோடு அறிக்கை நிரப்பலாம், சிக்னல் வந்ததும் ஏற்றலாம். அறிக்கைப் படிவத்தை உங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பத்துக் கேள்விக்கு மேல் வைத்தால் மழையில் நின்றபடி யாரும் நிரப்ப மாட்டார்கள். அடர்ந்த விதானத்துக்கு அடியில் ஜிபிஎஸ் தடுமாறும், அதனால் புள்ளியில் நின்று ஒன்றுமில்லை என்று திரும்பாமல் சுற்றிலும் ஒரு வட்டம் வாருங்கள். ஜிபிஎஸ் பேட்டரியைக் குடிக்கும், பவர் பேங்க் கட்டாயம்.

இனி குறை. 20 மீட்டர் அகலத் தழைப்பு கொண்ட பெருமரம் ஒன்று சாய்ந்தால் திறப்பது சுமார் 314 சதுர மீட்டர். லேண்ட்சாட் பிக்சல் 900 சதுர மீட்டர். பாதிகூடத் தேறாது, கிளாட் எச்சரிக்கை வராது. ராடும் 0.1 ஹெக்டேருக்குக் குறைந்ததைச் சொல்லாது. ஆகவே திருட்டு வெட்டைத் தேடும்போது மரத்தைத் தேடாதீர்கள், பாதையைத் தேடுங்கள். கோடு பிடித்தாற்போல வரிசையாக விழும் சிறு எச்சரிக்கைகள் லாரிப் பாதையாக இருக்கலாம், அதன் நுனியில் சிறு திட்டு தெரிந்தால் மரம் அடுக்கும் இடமாக இருக்கலாம். பாதையே போடாமல் ஆற்று வழியே மரத்தை மிதக்க விடும் இடங்களில் இதுவும் கைகொடுக்காது, ஆள் நடந்துதான் ஆக வேண்டும்.

நடந்தால் பலன் எவ்வளவு என்பதற்குப் பெருவின் லொரெட்டோ பகுதியில் அளவீடு இருக்கிறது. 76 பழங்குடிச் சமூகங்களை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் எச்சரிக்கைத் தகவலும் பயிற்சியும் ரோந்துக்கு ஊதியமும் கொடுத்தார்கள். இணையம் இல்லாத ஊர்களுக்குத் தகவல் மாதம் ஒருமுறை யுஎஸ்பியில் படகேறிப் போனது. 2021-இல் வெளியான முடிவின்படி, மற்றச் சமூகங்களோடு ஒப்பிட்டால் மர இழப்பு முதல் ஆண்டில் 52 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 21 சதவீதமும் குறைந்தது. செயலி இலவசம்தான், ஆனால் திட்டப் பட்ஜெட்டில் ரோந்துக் கூலியைப் போடாதவர்கள் இந்த 52-ஐ எதிர்பார்க்கக் கூடாது.

பிரேசிலில் வேலை செய்பவர்கள் இதோடு அந்நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பேயின் டெட்டர் எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். 2004-இலிருந்து இயங்குவது, அரசின் அமலாக்கக் குழுக்கள் கிளம்புவது அதை வைத்துத்தான். தளத்தில் தமிழ் இல்லை. மெதுவான இணைப்பில் வரைபடம் திணறும், கைப்பேசி உலாவியில் இன்னும் மோசம், கணினியில் திறப்பது நல்லது. எச்சரிக்கைகளின் பரப்பைக் கூட்டி ‘இந்த மாதம் இத்தனை ஹெக்டேர் அழிந்தது’ என்று மனு எழுதாதீர்கள், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். பரப்புக்கு ஆண்டுக் கணக்கையும், இடத்துக்கும் தேதிக்கும் எச்சரிக்கையையும், சாட்சியத்துக்குக் களத்தில் எடுத்த ஜிபிஎஸ் குறித்த படத்தையும் இணையுங்கள்.