நாய்க்குத் தனிக் கட்டணம்: ஏற்காடு காட்டேஜில் பல சீசன் பார்த்த பிறகு

ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் காட்டேஜ் திறக்கப்போகும் நண்பர் கேட்டிருக்கிறார்: "நாய் கூட்டிட்டு வர்றவங்ககிட்ட எவ்வளவுங்க வாங்கலாம்?" தொகையை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு படுக்கையறை வீடு, வார நாளில் 4,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாய்க்கு 800 ரூபாய். இது இரவுக் கணக்கு அல்ல, எத்தனை நாள் தங்கினாலும் ஒரே தடவை. இரண்டாவது நாய்க்கு 400. மூன்றாவது நாய் வேண்டாம். பூனை வேண்டவே வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

இரவுக் கணக்கில் வாங்கச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். கேட்காதீர்கள். ஒரு ராத்திரி தங்கினாலும் நான்கு ராத்திரி தங்கினாலும் லாப்ரடார் போன பிறகு வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். பெருக்கித் துடைப்பவருக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதல் கூலி, போர்வை, உறைகளுக்குத் தனிச் சலவை, சிறுநீர்க் கறைக்கு என்சைம் திரவம், முடியை ஒட்டி எடுக்கும் ஒட்டுருளை. மிச்சம் இருந்தால் சோபாவின் தேய்மானத்துக்கு. இரவுக் கணக்கில் வாங்கினால் ஒரு ராத்திரிக்காரர் கொடுப்பது சலவைக்கே போதாது. நான்கு நாள் தங்கி நமக்கு நல்ல வருமானம் தருபவர்தான் தண்டம் கட்டுவார். அதேபோல் 2,000 ரூபாய் என்று ஏற்றிவைத்தாலும் நாய் வரத்தான் செய்யும், புக்கிங்கில் காட்டாமல் காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வரும். வாடகையில் கால் பங்கைத் தாண்டினால் ஒளித்துக் கூட்டிவருவது தொடங்கிவிடும் என்பது இங்கே பலரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு.

ஆக, காகிதத்தில் இந்தக் கட்டணம் சரியாகவே வேலை செய்கிறது. ஒரே ஒரு எரிச்சல்தான், அது எத்தனை சீசன் போனாலும் தீரவில்லை. நாய்க் கட்டணத்தைக் காட்டி விருந்தினர் சொல்லும் பதில் அது: "பெட் சார்ஜ் கட்டியாச்சுங்களே!"

கட்டணம் வாங்காத காலத்தில் விருந்தினர் கூச்சத்தோடு நாயைக் கூட்டிவருவார், வீட்டிலிருந்து பாயும் கிண்ணமும் கொண்டுவருவார், போகும்போது தானே ஒரு தடவை பெருக்கிவிட்டுப் போவார். 800 ரூபாய் கட்டியதும் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. நாய் கட்டில்மேல் ஏறும், குளியலறைத் துண்டு நாய் துடைக்கும் துண்டாகும், வாசலில் கிடப்பதை அள்ளுவதற்கும் நம் ஆளைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காசு எதற்கு என்று நாம் எழுதாதவரை அது எல்லாவற்றுக்கும் என்றுதான் அர்த்தமாகும். அதனால் விதிகளில் நேராக எழுதுங்கள்: இந்தத் தொகை முடி எடுப்பதற்கும் சலவைக்கும் மட்டும், கட்டில்மேல் நாய் கூடாது, மலத்தை அள்ளுவது உங்கள் பொறுப்பு, உடைந்ததும் கிழிந்ததும் தனிக் கணக்கு. எழுதினால் பாதிப்பேர் கேட்கிறார்கள். மீதிப் பாதிக்காகத்தான் கீழே உள்ள ஏற்பாடெல்லாம்.

முடியில் ஆரம்பிப்போம். சேலத்தில் வெயிலில் போட்டால் மத்தியானத்துக்குள் காயும் போர்வை, ஜூலையிலிருந்து நவம்பர் வரை ஏற்காட்டில் இரண்டு நாளானாலும் சில்லென்றே இருக்கும். ஈரம் காயாத துணியில் முடி பசைபோல ஒட்டும். பலரும் செய்யும் தவறு, முடியோடு போர்வையை அப்படியே மெஷினில் போடுவது. நனைந்த முடி நூலுக்குள் பின்னிக்கொள்ளும், மீதி உருண்டு பம்ப் ஃபில்டரில் அடைக்கும். அப்புறம் தண்ணீர் வெளியேறாமல், டிரம் சுற்றாமல், மெஷின் பாதியில் நின்றுவிடும். அடிவாரத்திலிருந்து மெக்கானிக் மேலே ஏறி வந்தால் ஒரு நாயின் கட்டணம் அவருடைய பெட்ரோலுக்கும் கூலிக்குமே சரியாகப் போய்விடும். துவைக்கும் முன்னால் உலர்ந்த நிலையிலேயே வெளியே கொண்டுபோய் உதறுங்கள். டிரையர் இருந்தால் சூடில்லாமல் பத்து நிமிடம் ஓட்டுங்கள், முடி அதன் வலையில் வந்துவிடும். பிறகுதான் தண்ணீர். முன்பக்கம் கதவுள்ள மெஷினில் கீழே ஓரமாக ஒரு சின்ன மூடி இருக்கும். நாய் போன ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கி, தாம்பாளம் ஒன்றை அடியில் வைத்து, சின்னக் குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, அந்த ஃபில்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஐந்து நிமிட வேலை.

துணி வாங்கும்போதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். பஞ்சுபோல மெத்தென்றிருக்கும் ஃபிளீஸ் போர்வை குளிருக்கு நன்றாக இருக்கிறது, படமும் அழகாக வருகிறது, ஆனால் முடியை இழுத்து வைத்துக்கொள்வதில் அதை மிஞ்ச ஆளில்லை. நெருக்கமாக நெய்த பருத்திதான் நமக்கு வேண்டியது. மெத்தைக்குச் சென்னிமலைப் போர்வை, சோபாவின்மேல் போட பவானி ஜமுக்காளம். ஜமுக்காளத்தில் முடி உள்ளே இறங்காது, இரண்டு உதறலில் போய்விடும். நாய் நகமும் அதில் அவ்வளவாக மாட்டாது. முதல் இரண்டு சலவையை மட்டும் தனியாகப் போடுங்கள், சாயம் இறங்கும். நாய்க்கென்று ஒரு ஜமுக்காளத்தைத் தரையில் விரித்து வைத்துவிட்டால், அது கட்டிலைத் தேடுவதும் குறைகிறது. இந்த ஒரு பொருளுக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம் என்கிற அளவுக்கு உழைக்கிறது.

சோபாத் துணியில் குத்திக்கொண்ட லாப்ரடார் முடிக்கு ஒட்டுருளை போதாது. ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் இழுத்தால் கயிறுபோலத் திரண்டு வரும். கண்ணாடி துடைக்கும் ரப்பர் வைப்பரும் அதே வேலையைச் செய்யும். தரையில் பூந்துடைப்பம் வேண்டாம், முடியைக் காற்றில் ஏற்றிவிட்டு அடுத்த விருந்தினரின் தேநீரில் இறக்கும். வேக்குவம், பிறகு ஈரத் துடைப்பான். ஷிட்சூ, பூடில் முடி அதிகம் உதிர்க்காது. அதற்காகக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்வோரும் உண்டு. குறைக்காதீர்கள், புது இடத்தில் நாற்காலிக் காலைப் பார்த்ததும் காலைத் தூக்கும் பழக்கம் அந்தச் சின்ன உருவங்களில் பலவற்றுக்கு உண்டு.

சிறுநீர் விஷயத்தில் ஏற்காடு ஒரு தனி வம்பு செய்யும். ஏப்ரலில் ஒரு நாய் மூலையில் ஒன்றுக்குப் போகிறது, பினாயில் போட்டுத் துடைக்கிறீர்கள், வாடையே இல்லை. ஜூலையில் மேகம் வீட்டுக்குள் இறங்கியதும் அதே மூலை மணக்க ஆரம்பிக்கும். பினாயில் வாடையை மூடியதே தவிர, சிறுநீரிலுள்ள யூரிக் அமிலம் படிகமாகத் தரையின் துளைகளில் தங்கிவிட்டது. ஈரப்பதம் ஏறியதும் மறுபடி கிளம்புகிறது. பழைய எஸ்டேட் வீடுகளின் ரெட் ஆக்சைடு தரையும் டைல்ஸ் இடுக்குச் சிமென்டும் இதற்கென்றே செய்ததுபோல உறிஞ்சும். முதலில் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு என்சைம் திரவத்தைக் கறையைவிட ஒரு சாண் அகலமாக ஊற்றி, குறைந்தது கால் மணி நேரம், பழைய கறையென்றால் சில மணி நேரம், ஈரம் காயாமல் விடுங்கள். காய்ந்துவிட்டால் என்சைம் வேலை நின்றுவிடும். நீராவித் துடைப்பான் வேண்டாம், சூடு வாடையைத் துணியோடு பிணைத்துவிடும். ப்ளீச்சிங் கூடவே கூடாது. சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் குளோரமின் வாயு வரும். யுவி டார்ச் அடித்தால் பழைய கறை மஞ்சளாக ஒளிரும். ஆனால் சோப்புத்தூள் மிச்சமும் ஒளிரும் என்பதால் அதை வைத்து யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். மெத்தைக்கு ஜிப் வைத்த, தண்ணீர் புகாத உறை கட்டாயம்.

பூனைக்குக் கதவை மூடச் சொன்னது இதனால்தான். பூனையின் சிறுநீர் அடர்த்தி அதிகம், வாடை நாள்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். புது இடத்துப் பயத்தில் பூனை மணல் பெட்டியை விட்டுவிட்டு மெத்தையைத் தேர்ந்தெடுக்கும். இன்னொன்றும் உண்டு. உண்ணிக்கு அடிக்கும் பெர்மெத்ரின் மருந்து நாய்க்கு ஒத்துவரும், பூனைக்கு விஷம். இரண்டையும் ஒரே வீட்டில் மாறி மாறித் தங்கவைப்பது வீண் அபாயம்.

உண்ணியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, வளரக்கூடியது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், இரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் காத்திருக்கும். கட்டிலுக்குப் பின்னால், சுவரடி ஸ்கர்ட்டிங் பலகையின் இடுக்கில், ஜன்னல் சட்டத்தில் பாருங்கள். புக்கிங் உறுதியாகும்போதே அந்த வருடத்து ரேபிஸ் தடுப்பூசிச் சான்றையும், உண்ணி மருந்து எப்போது கொடுத்தார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். நாயை நன்றாக வளர்ப்பவர் உடனே அனுப்பிவிடுவார்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் நாய் பெரும்பாலும் வாந்தியோடுதான் வந்து சேரும். புறப்படும் முன் மூன்று மணி நேரம் சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்று முதல் நாளே ஒரு செய்தி அனுப்பினால் வாசல் பாயாவது தப்பிக்கும்.

வெளியே விடுவதில் கறாராக இருங்கள், எப்போதும் கயிறு. எஸ்டேட்டுக்குள் காட்டுமாடு நடமாட்டம் இருக்கிறது. குரைத்துக்கொண்டு ஓடும் நாயை அது துரத்தினால் நாய் ஓடி வருவது எஜமானரிடம்தான். அறுவடைக் காலத்தில் பக்கத்து எஸ்டேட்டின் களத்தில் காப்பிப் பழம் காயும். நாய் அதன்மேல் காலைத் தூக்கினால் அந்தச் சண்டையை எந்தக் கட்டணமும் தீர்க்காது. தின்றால் இன்னும் மோசம், கஃபீன் நாய்க்கு நஞ்சு.

புக்கிங் தளத்தைப் பற்றி இரண்டு வரி போதும். நாய்க் கட்டணத்திலும் கமிஷன் பிடிப்பார்கள். முடியைப் பொறுக்குவது நாம், பங்கு அவர்களுக்கு. சேதம் கேட்டு விண்ணப்பித்தால் முடி, வாடை எல்லாம் "வழக்கமான துப்புரவு" என்று திருப்பிவிடுவதும் உண்டு. நியாயமாகப் பார்த்தால் அதுவும் தப்பில்லை, அதற்குத்தானே 800 வாங்கினோம். கடித்த கதவு, கிழித்த கொசுவலை போன்றவற்றுக்கு, அடுத்தவர் உள்ளே வருவதற்கு முன் எடுத்த படமும் பில்லும் வேண்டும். முன்பணம் பிடித்து வைப்பது வீண், திருப்பித் தரும் நேரத்தில் நல்ல விருந்தினரோடும் மனக்கசப்புதான் மிஞ்சும். பார்வையற்றவரின் வழிகாட்டி நாய்க்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பெரிய தளங்களின் விதி, விதி இல்லாவிட்டாலும் வாங்கக் கூடாது.

இவ்வளவு திட்டிய பிறகு இதையும் சொல்ல வேண்டும். நாயோடு வருபவர்கள்தான் இந்த மலையின் சிறந்த விருந்தினர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வைப்பதில்லை, பத்துப் பேரைக் கூட்டிவந்து ஆறு பேர் என்று சொல்வதில்லை, பாட்டிலை எஸ்டேட்டுக்குள் எறிவதில்லை. மற்றவர்கள் அதிகம் வராத மழைக்காலத்தில், வார நாளில், பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து மூன்று நாள் தங்குகிறார்கள். இடம் மனதுக்குப் பிடித்துப்போனால் திரும்ப வருகிறார்கள், ஏனென்றால் நாயை ஏற்கும் இடம் அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. காலியாகக் கிடந்திருக்கும் ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமையின் வாடகையோடு ஒப்பிட்டால் 800 ரூபாய் ஒரு பொருட்டே இல்லை.

ஆனாலும் நண்பருக்குப் பதில்: முதல் வருடம் நாயை ஏற்காதீர்கள். வேலையாள் பழகட்டும், துணி மாறட்டும், மெஷினுக்கு வாரண்டி இருக்கட்டும். கணக்குப்படி இது தப்பான யோசனை என்று தெரியும். அடைத்த ஃபில்டரைக் கழற்றிக் கழுவிய கையோடு எழுதுவதால் வேறு யோசனை வரவில்லை. என் பேச்சைக் கேட்காமல் நாயை ஏற்பதாக இருந்தால், மெஷின் வாங்கும் முன் ஜமுக்காளம் நான்கு வாங்கிவிடுங்கள், மே மாதக் கோடை விழா வாரத்தில் மட்டுமாவது புக்கிங் தளத்தில் "நாய் வரலாம்" என்கிற பொத்தானை அணைத்து வையுங்கள்.