கோர்ட்டுக்கு படமும் அனிமேஷனும் பண்ணிக் கொடுக்குற சர்வீஸ்: அஞ்சுக்கு மூணு ஸ்டார்

ஒரு ஆக்சிடென்ட் கேஸுக்காக எங்க சீனியர் வக்கீல் சொல்லி இவங்ககிட்ட வேலை கொடுத்தோம், பேரு வேணாம், திட்டவும் போறேன் பாராட்டவும் போறேன். கேட்டது மூணு: ஜங்ஷனோட ஸ்கேல் பிளான், ஒரு டைம்லைன், மோதுன அந்த சில செகண்டுக்கு அனிமேஷன்.

அனிமேஷன்தான் முதல்ல வந்துச்சு. ஆபீஸே அசந்துபோச்சு, ரோடு ஈரமா பளபளங்குது, டிரைவர் கையில போன், பிரேக் கிறீச்சுங்குற சத்தம் வேற. சீனியர் மட்டும் வாயத் திறக்கல, இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிட்டு "மழை பேஞ்சுதுன்னு எந்த சாட்சிப்பா சொன்னான்?"னாரு. ஒருத்தரும் சொல்லல. போனும் நம்ம சந்தேகந்தான், ரெக்கார்டுல, அதாவது கோர்ட்டுல பதிவான சாட்சியம் ஆவணம் எதுலயும், கிடையாது. குறுக்கு விசாரணையில எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஒரு கேள்விய கேட்டா போதும், படமும் காலி, அத வச்சு பேச வந்த எக்ஸ்பர்ட்டும் காலி.

இதுல மோதுற இடத்த ஸ்லோ மோஷன்ல வேற போட்டிருந்தாங்க. 2016ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அதே வீடியோவ மெதுவா ஓட்டிக் காட்டுனா செஞ்சவன் வேணும்னே செஞ்சான்னு பாக்குறவங்களுக்கு அதிகமா தோணுதாம், ஸ்கிரீன்ல நிஜ நேரத்த போட்டுக் காட்டியும் அது முழுசா போகலயாம். இதயெல்லாம் இந்தத் தொழில்ல இருக்குறவங்களுக்கு நாங்க சொல்லித் தரணுமா?

பென்சில்வேனியா சுப்ரீம் கோர்ட் 2006ல சர்ஜ் கொலைக் கேஸ்ல கம்ப்யூட்டர் அனிமேஷன் காட்டுனது சரின்னு சொல்லுச்சு, ஆனா அதுல சத்தம் இல்ல, முகபாவம் இல்ல, ரத்தம் இல்ல. அத எடுத்துக் காட்டி, இப்படி வேணும்னு திருப்பி அனுப்புனோம். மூணாவது தடவைதான் வந்துச்சு, சாம்பல் கலர்ல பொம்மை மாதிரி ரெண்டு வண்டி, அவ்ளோதான், அதுதான் வேணும். இங்கிலாந்துல 1925 சட்டப்படி கோர்ட்டுக்குள்ள உக்காந்து யாரையும் வரையக்கூடாது, ஆர்ட்டிஸ்ட் பாத்து ஞாபகத்துல வச்சுக்கிட்டு வெளிய வந்துதான் வரையணும், அவங்களே இவங்கள விட ரெக்கார்டுக்கு பக்கத்துல இருப்பாங்க போல.

டைம்லைன் ஓகே, கலர் ஜாஸ்தி.

ஸ்கேல் பிளான் இருக்கே, அது தரம். ஒரே ஷீட், டயர் தேய்ச்ச தடம் எவ்ளோ நீளம், வண்டி கடைசியா எங்க நின்னுச்சு, ஒவ்வொரு அளவு பக்கத்துலயும் அது எந்த எக்சிபிட்ல (கோர்ட்டுல நம்பர் போட்டு வச்ச ஆதாரம்) இருந்து எடுத்ததுன்னு குட்டியா நம்பர். முதல் காப்பியில ஸ்கேல்ன்னு 1:200 மட்டும் எழுதியிருந்தாங்க, பிரிண்ட் சைஸ் மாறுனா அது பொய்யாயிடும், சொன்ன அன்னைக்கே, இவ்ளோ நீளக் கோடுன்னா இத்தன மீட்டர்னு பிளான்லயே கோடு போட்ட ஸ்கேலா மாத்திட்டாங்க. கூண்டுல நின்ன சாட்சி அதுல விரல வச்சு "நான் இங்கதான் நின்னேன்"னு சொன்னப்ப ஜட்ஜும் எட்டிப் பாத்தாரு, அனிமேஷன் ஓடுனப்ப அவரு குறிப்பெழுதிட்டு இருந்தாரு.

பிளானுக்கு கண்டிப்பா திரும்பப் போவேன். அனிமேஷன்னா ரெக்கார்டுல இல்லாதது எதுவும் வேணாம்னு முதல்லயே எழுதிக் கொடுத்துடுங்க, கொடுத்த பிறகும் செக் பண்ணுங்க, கடைசி ஃபைலத் திறக்குறதுக்கு முன்னாடி தெரியுற குட்டிப் படத்துல அந்த ஈர ரோடு அப்படியே இருந்துச்சு, பென்டிரைவ் தாக்கல் பண்ண பத்து நிமிஷம் முன்னாடிதான் கவனிச்சேன்.