ரஜாயா, பொடியா, ஜெல்லா? குன்னூர்க் குளிரில் வேர்த்துக் கொட்டியவளின் கணக்கு

ஜனவரி, விடியற்காலை மூன்று மணி. குரங்குக் குல்லா மாட்டி, இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறார் வீட்டுக்காரர். நான் ஜன்னலைத் திறந்துவிட்டு வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கிறேன். நைட்டி முதுகோடு ஒட்டியிருக்கிறது. குன்னூரில் ஜனவரியில் வேர்க்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

அப்போது எனக்கு 47. மாசம் தள்ளித் தள்ளி வரும். வந்தால் ஒரேயடியாகக் கொட்டும். இந்தத் தடுமாற்றக் காலம்தான் பெரிமெனோபாஸ். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே அது வந்துவிடுகிறது.

முதல் யோசனை மாமியாருடையது. "ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கோ கண்ணு, தானா அடங்கிரும்." அந்த ரெண்டு வருசம்தான் இடிக்கிறது. அடிக்கடி இப்படி வெக்கை ஏறி வேர்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஏழு வருடத்துக்கு மேலும் நீளும். ஆனால் விஷயம் புரிந்தால் பொறுப்பது கொஞ்சம் சுலபம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் பகுதி தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுகிறது. முன்பு கண்டுகொள்ளாத சின்னச் சூட்டுக்கும் இப்போது 'குப்'பென்று ரத்தத்தைத் தோலுக்குத் தள்ளி வேர்க்கவைக்கிறது. மலையில் அதற்குச் சாக்குக்கா பஞ்சம்? ஸ்வெட்டரோடு மேடேறுவது, தடித்த ரஜாய், கொதிக்கக் கொதிக்க டீ. ரஜாயைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று மெல்லிய போர்வை வைத்தேன். தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் போய், பட்டன் வைத்தது வந்தது. சாயங்கால டீயும் வர்க்கியும் நின்றன (வர்க்கி மட்டும் பிறகு திரும்பிவிட்டது). பகல் சமாளிக்க முடிந்தது. ராத்திரி அப்படியேதான்.

இரண்டாவது, தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி. மூன்று மாதம் பாலில் கலக்கிக் குடித்தேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதில் சரியானதாம். இருக்கலாம். ஆனால் ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெக்கை பாதியளவு குறைந்திருக்கிறது. அதனால் 'எனக்குக் கேட்டுச்சு' என்பதை வைத்து நான் காசு செலவழிப்பதில்லை. ராகிக் களி எலும்புக்கு நல்லது, வேர்வைக்கு அல்ல.

மூன்றாவதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் வந்தது. நான் முதலில் பார்த்த டாக்டர் ஐந்து நிமிடத்தில், "வயசாயிடுச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார். கூடவே சினைப்பையையும் எடுத்தால், மெல்ல வரவேண்டிய மெனோபாஸ் ஒரே ராத்திரியில் வந்து வெக்கை இன்னும் மோசமாகும் என்று சொல்லவில்லை. அதிக உதிரப்போக்குக்கு மாத்திரை உண்டு, ஹார்மோன் வைத்த காப்பர்-டி போன்ற சாதனம் உண்டு. அதையும் சொல்லவில்லை. சிலருக்கு அறுவைதான் வழி. ஆனால் அது முதல் வழி அல்ல. நான் போட்ட இரும்புச்சத்து மாத்திரையை வேலை செய்யவிடாமல் தடுத்தது சாப்பிட்ட கையோடு குடித்த டீ என்று சொன்னதும் அடுத்த டாக்டர்தான். 45க்கு மேல் ஹார்மோன் டெஸ்ட் பெரும்பாலும் வீண், அளவு நாளுக்கு நாள் ஆடும் என்றவர், தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொன்னார். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு, இதே வேர்வை.

அவர் கொடுத்தது ஈஸ்ட்ரோஜன் ஜெல், குறைந்துபோன ஹார்மோனை ஈடுகட்ட. ஹார்மோன் மருந்து என்றாலே எல்லோரும் பயப்படுவது 2002இல் பாதியில் நிறுத்திய அமெரிக்க ஆய்வால்தான். அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனின் செயற்கை வடிவம்) சேர்த்து எடுத்தவர்களில், வருடத்துக்கு 10,000 பேரில் எட்டுப் பேர் போல மார்பகப் புற்றுநோய் கூடியது. ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு, பொதுவாக நன்மையே தூக்கலாக இருக்கிறது. வெக்கைக்கு இதை மிஞ்சிய மருந்து இல்லை, எலும்பையும் காக்கும். தோலில் தடவும் ஜெல்லில், மாத்திரையைவிட ரத்தக்கட்டி பயம் குறைவு. கர்ப்பப்பை இருப்பவர்கள் புரோஜெஸ்டிரோனும் சேர்த்தே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் உள்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். ஒரே தொல்லை, தடவியது காயும்வரை குளியலறையில் வெறும் தோளோடு பல் கிடுகிடுக்க நிற்பது. ஒரு மாதத்தில் ராத்திரி முழுக்கத் தூங்கினேன்.

மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம், ஈரல் நோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தால் இந்த வழி ஒத்துவராது. கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் என் நாத்தனாருக்குக் காலில் ரத்தம் கட்டியிருந்தது. அவளுக்கு வென்லாஃபாக்சின் எழுதினார்கள். மனச்சோர்வு மாத்திரை என்று கேட்டதும் "எனக்கென்ன பைத்தியமா அண்ணி?" என்று ஒரு வாரம் தொடவில்லை. குறைந்த அளவில் அது வெக்கையைத் தணிக்கும் என்று எடுத்துச் சொன்ன பிறகு போட்டாள். முதல் பத்து நாள் குமட்டல். இப்போது நாலு தடவை எழுந்தவள் ஒரு தடவை எழுகிறாள். எழும்போது உதறித் தள்ள, அவள் கட்டிலிலும் மூன்று மெல்லிய போர்வை.