சுங்கை சிப்புட் பழம்பொருள் கடை: குடும்பத்தோடு போகலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டின் பழைய கடைவரிசையில் உள்ள இந்தப் பழம்பொருள் கடையில், ரப்பர் தோட்டக் குடியிருப்புகள் காலியானபோது வெளிவந்த, ரப்பர் பால் சேகரிக்கும் மங்குகளோடும் தேய்ந்த பால்வெட்டுக் கத்திகளோடும், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த 1940ஆம் ஆண்டுச் சதுர ஒரு காசும், வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியர் ஆட்சிக் காலப் பத்து வெள்ளி (டாலர்) நோட்டும் கண்ணாடிப் பேழையில் கிடக்கின்றன. அந்த நோட்டு ஏராளமாக அச்சடிக்கப்பட்டது என்பதால், மடிப்பில்லாத தாளாயினும் பெருந்தொகை கொடுக்க வேண்டியதில்லை. மரப்பிடி ஒரு பக்கம் மட்டும் வழவழத்துப் பள்ளம் விழுந்திருந்த கத்தியைக் கையில் எடுத்த என் மாமியார், இது இடக்கைக்காரர் பிடித்தது என்று உடனே சொல்லிவிட்டார். கடைக்காரரே அதைக் கவனித்திருக்கவில்லை. எதிலும் விலைச்சீட்டு இல்லாதது பெருங்குறை. பேரம் பேசக் கூச்சப்படுவோர் (என் கணவரைப் போல) வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். பிற்பகலில் உள்ளே புழுக்கம் தாங்காது. பிள்ளைகளோடு வருவோர் காலையிலேயே வந்துவிடலாம்.