தலைமையாசிரியர்களுக்கான ஒருநாள் பயிற்சி: என் மதிப்பீடு

கல்விக்கூடங்களின் பெருக்கத்தால் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு எனப் பெயர்பெற்ற பாளையங்கோட்டையில், நல்லாசிரியர்களைத் தக்கவைத்துக்கொள்வது பற்றித் தனியார் பள்ளித் தலைமையாசிரியர்களுக்காக நடந்த ஒருநாள் பயிற்சியில் கலந்துகொண்டேன். நல்லாசிரியர்கள் விலகுவதைச் சம்பளத்தோடு மட்டும் முடிச்சுப் போடாமல், வகுப்பைப் பார்வையிட்ட தலைமையாசிரியர் அன்று மாலைக்குள் அந்த ஆசிரியரோடு தனியே அமர்ந்து, முதலில் அவர் சொல்வதைக் கேட்டு, பிறகே தம் கருத்தைக் கூற வேண்டும் என்பதை இருவர் இருவராக நடித்துப் பார்க்க வைத்த முற்பகல் அமர்வு மிகவும் பயனுள்ளது. எங்கள் பள்ளியை விட்டுச் சென்ற கணித ஆசிரியையிடம், விலகல் கடிதம் வந்த பிறகே நான் மனம்விட்டுப் பேசினேன் என்பது அப்போது நெஞ்சை உறுத்தியது. பிற்பகல் அமர்வு வெறும் விரிவுரை. பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் இணையதளப் பதிவேற்றத்திற்காக இரவில் வாட்ஸ்அப் குழுவில் இடப்படும் உத்தரவுகள் ஆசிரியர்களை எவ்வளவு சோர்வடையச் செய்கின்றன என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அடுத்த முறை ஆசிரியர்களையும் உடன் அழைத்தால், நான் மீண்டும் கட்டணம் செலுத்திச் செல்வேன்.