180 வெள்ளி 560 ஆன விதம்: தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரை டோ டிரக்கில் ஏற்றுமுன் கவனியுங்கள்

கோளாறு என்னவோ பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் மட்டும்தான். இரவு நேரம், சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் பேட்டரி வற்றி நின்றுபோன, பின்பக்க எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் அது. மறுநாள் மாலை பட்டறையில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், முன் பம்பரின் அடி உதடு நடுவில் பிளந்திருந்தது. அடித்தட்டு இரண்டு இடங்களில் கிழிந்து தொங்கியது. சக்கரத்தைத் தாங்கும் இடப்பக்கக் கீழ் ஆர்மில் இரும்புக் கொக்கி கடித்த தடம். பின் டயர் இரண்டிலும் ஒரே இடத்தில் தேய்மானம். ரிம் ஒன்றில் பட்டை உரசிய வளையம். இவற்றில் ஒன்றுகூட டிரக் சாலையில் ஓடியபோது வந்ததில்லை. அத்தனையும் ஏற்றும்போதும் கட்டும்போதும் இறக்கும்போதும் வந்தவை.

பணக் கணக்கு இன்னும் மோசம். தொலைபேசியில் பேசி, செய்தியிலும் எழுதி அனுப்பிய தொகை 180 வெள்ளி. கார் டிரக்கில் ஏறிய பிறகு இரவுக் கட்டணம் 80, தாழ்வான கார் என்பதால் ‘லோ கார்’ கட்டணம் 120, வின்ச் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவி) போட்டதற்கு 60 என்று சேர்ந்தது. ‘இந்த நேரத்தில் உங்கள் பட்டறை மூடியிருக்கும், எங்கள் யார்டில் பத்திரமாக இருக்கும்’ என்று கொண்டுபோய் வைத்துவிட்டு, காலையில் நிறுத்துமிட வாடகை 120 கேட்டார்கள். மொத்தம் 560. பேநவ் என்ற உடனடிப் பணமாற்றம் வழியாகப் பணம் வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்கள். அழைத்தது, இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் எண்களில் ஒன்றைத்தான்.

முதலில் ஒன்று. விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் தனியார் டிரக்கைத் தேட வேண்டிய அவசரமே இல்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஈமாஸ் மீட்புக் குழு வந்து, விரைவுச்சாலைக்கு வெளியே அருகிலுள்ள குறித்த கார் நிறுத்துமிடம் வரை இலவசமாகக் கொண்டுபோய் விடும். சுரங்கச்சாலையிலும் அப்படித்தான். வருபவர்களிடம் கார் தாழ்வானது, நான்கு சக்கர இயக்கம் கொண்டது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அங்கிருந்து பட்டறைக்குப் போவது உங்கள் பொறுப்பு, அதற்கு உங்களுக்கு நேரம் இருக்கிறது. காரை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு, காலையில் நல்ல டிரக்காகப் பார்த்து அழைத்தால்கூட ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மேலே சொன்ன காரும் ஈமாஸ் விட்ட இடத்தில் பத்திரமாகத்தான் நின்றுகொண்டிருந்தது.

அழைக்குமுன் காப்புறுதி ஒப்பந்தத்தைப் பாருங்கள். பல ஒப்பந்தங்களிலும் கார் விற்பனையாளரின் உத்தரவாதத்திலும் இழுவைச் சேவை ஏற்கெனவே சேர்ந்திருக்கும். விபத்தாக இருந்தால் கதையே வேறு: கூப்பிடாமலேயே வந்து நிற்கும் டிரக்கை ஏற்காதீர்கள். காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணை அழைத்து, அவர்கள் சொல்லும் டிரக்கையும் பட்டறையையும் மட்டும் பயன்படுத்துங்கள். 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள் விபத்தைப் புகார் செய்ய வேண்டும் என்பது விதி.

இனி சாய்வு. ஏமாற்றும் சேதமும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. முன் உதட்டின் அடிப்பாகம் தரையிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து 900 மி.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-ஐ 900-ஆல் வகுத்தால் கிடைக்கும் சரிவு கோணக் கணக்கில் ஏறத்தாழ 6 பாகை. அதற்கு மேல் சாய்வுள்ள எந்தத் தளத்திலும் அந்தக் கார் நேராக ஏறாது. டிரக்கின் படுக்கை, அதாவது காரை ஏற்றும் சாயும் தட்டு, 10 பாகை சாய்ந்திருந்தால், டயர் அதன் அடியைத் தொடும்போது உதடு இருக்க வேண்டிய உயரம் 159 மி.மீ. இருப்பதோ 100. ஆக 59 மி.மீ. இரும்புக்குள் முட்டும். வின்ச்சுக்கு இதெல்லாம் தெரியாது, இழுத்துக்கொண்டே இருக்கும்.

தீர்வு எளிது: முனை சீவிய 2.4 மீட்டர் பலகை இரண்டு. பாதி தரையில், பாதி படுக்கையில் கிடக்கும்படி ஒவ்வொரு டயர் தடத்துக்கும் ஒன்று. படுக்கையின் அடி முனை இருக்கும் இடத்தில் பலகைக்குக் கீழே ஏறத்தாழ 10 செ.மீ. இடைவெளி வரும், அங்கே கட்டை கொடுக்காவிட்டால் பலகை வளைந்து முறியும். இப்படிச் செய்தால் 10 பாகை ஒரே திருப்பம் 5 பாகை 5 பாகையாக இரண்டாகப் பிரியும், கார் உரசாமல் ஏறும். இதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் சாய்தளங்களும் உண்டு. தாழ்வான கார்களை அடிக்கடி ஏற்றுபவர் இவற்றில் ஒன்றை டிரக்கிலேயே வைத்திருப்பார். இல்லாதவர் வேறு வழி சொல்வார்.

அந்த வேறு வழிகளில் ஒன்று, ‘ரிவர்ஸில் ஏற்றிவிடலாம், உரசாது’ என்பது. நம்ப வேண்டாம். பின் சக்கரங்கள் படுக்கையில் ஏற ஏற மூக்கு கீழே இறங்கும். முன் சக்கரம் படுக்கையின் அடிக்கு வரும்போது கார் கிட்டத்தட்ட அதே 10 பாகை சாய்ந்திருக்கும், உதடு தரையில் குத்தும். கோணம் அதேதான். இறக்கும்போதும் இதே கணக்கு. ஏற்றும்போது பலகை போட்டவர், இறக்கும்போது அவசரத்தில் போடாமல் விடுவார். அங்கே உடைந்த உதடுகள் ஏராளம்.

மூக்கை உயர்த்தும் வசதி உள்ள கார்களில் அது 3, 4 செ.மீ. கொடுக்கும், பெரிய உதவிதான். ஆனால் பலவற்றில் எஞ்சின் ஓடினால்தான் அது வேலை செய்யும். பேட்டரி செத்த காரில் அதை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

பேட்டரி வற்றியதன் உண்மையான சிக்கல் வேறு: கியர் ‘பி’யில் பூட்டிக்கொள்ளும், மின்சாரக் கைப்பிரேக் விடாது, ஸ்டீயரிங் பூட்டும் திறக்காது. அப்படியே வின்ச் போட்டால் பின் டயர்கள் உருளாமல் தேயும். அந்தக் காருக்கு நடந்தது அதுதான். சின்ன ஜம்ப் பேக் ஒன்று இருந்தால் போதும். ஆல்டர்னேட்டர் வேலை செய்யாவிட்டாலும் அந்த மின்சாரத்தில் இக்னிஷன் போட்டு, கைப்பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரலாம். முன் மூடிக்குள் பேட்டரி இருக்கும் கார்களில் மூடியே மின்சாரத்தில்தான் திறக்கும் என்றால், அவசரத்துக்குத் திறக்கும் வழி கையேட்டில் இருக்கும். ஃப்யூஸ் பெட்டியிலிருந்து ஒரு முனையை வெளியே இழுத்து 12 வோல்ட் கொடுக்கும் வகையும் உண்டு, கேபிள் வகையும் உண்டு. இதை இன்று வீட்டில் உட்கார்ந்து படித்துவைப்பது நல்லது. இழுவை வளையமும் பெரும்பாலும் அந்த மூடிக்குள்தான் கிடக்கும்! எதுவும் நடக்கவில்லை என்றால் பூட்டிய சக்கரங்களுக்கு அடியில் உருளைத் தட்டு வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். ‘கொஞ்ச தூரம்தானே, இழுத்துடலாம்’ என்றால் மறுத்துவிடுங்கள்.

வின்ச் கயிற்றைக் கோக்க ஒரே இடம்தான்: இழுவை வளையம். பம்பரில் சின்ன மூடியைத் திறந்தால் மறை தெரியும். பல ஐரோப்பிய கார்களில் அது இடப்புறமாகத் திருகும் மறை; வழக்கம்போல் வலப்பக்கம் திருகிவிட்டு ‘போக மாட்டேங்குது’ என்பார்கள். கடைசிவரை திருகி, ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். பாதியில் நின்ற வளையம் இழுவையில் வளைந்து பம்பரையும் கிழிக்கும். வளையம் கிடைக்கவில்லை என்று கீழ் ஆர்மிலோ ஸ்டெபிலைசர் கம்பியிலோ ஜே கொக்கியை மாட்டினால் அலுமினிய ஆர்ம் கீறும், வீல் அலைன்மென்ட் போகும். கீறிய ஆர்மை மாற்றுவதா விடுவதா என்று பிறகு பட்டறையில் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். மாற்றுவதுதான் சரி.

இங்கே அதிகம் பார்க்கும் டிரக் முன் சக்கரங்களைத் தூக்கும் வகை. பின் சக்கரங்களுக்கு அடியில் கிங் டாலி என்ற சிறு சக்கர வண்டியைப் போடுவார்கள். பின் சக்கர இயக்கக் காரில் டாலி இல்லாமல் பின் டயர்கள் தரையில் ஓடினால், எஞ்சின் ஓடாததால் கியர்பாக்ஸின் எண்ணெய் பம்பும் ஓடாது. உள்ளே வறண்டு தேயும். நான்கு சக்கர இயக்கத்தில் இரண்டு சக்கரம் மட்டும் சுற்றினால், முன் பின் சக்கரங்களை இணைக்கும் நடு கப்ளிங் சூடேறும். நான்கும் தரையை விட்டு எழும்ப வேண்டும், இதில் விதிவிலக்கு தேட வேண்டாம். டாலி போட்டால் நான்கும் எழும்பும் என்பது உண்மைதான். ஆனால் டாலியின் குறுக்குக் கம்பிகளைத் தாழ்வான காரின் அடியில் நுழைக்கும்போதும், ஜாக் போடும்போதும் பக்கவாட்டு ஸ்கர்ட் நசுங்கும். முழுக் காரையும் படுக்கையில் ஏற்றிச் செல்லும் கார் கேரியர், அதாவது பிளாட்பெட், கிடைக்கும்போது டாலியை ஏற்காதீர்கள்.

கட்டுவது நான்கு சக்கரங்களையும், டயர் மேல் பட்டை சுற்றி. ரிம் கம்பிகளுக்கு நடுவே பட்டை நுழையக்கூடாது: பெயின்ட் போகும், பிரேக் குழாயில் படும். சஸ்பென்ஷனையோ அடிச்சட்டத்தையோ சங்கிலியால் கீழே இழுத்துக் கட்டினால், சாலை மேட்டில் ஸ்பிரிங் இன்னும் அமுங்கும்போது சங்கிலி தளரும், பிறகு கார் ஆடத் தொடங்கும். டயரைக் கட்டினால் உடல் தன்பாட்டுக்கு ஸ்பிரிங் மேல் அசையும், பட்டை இறுக்கமாகவே இருக்கும். ஐந்து நிமிடம் ஓடியபின் ஒருமுறை நிறுத்திப் பட்டையை இறுக்கச் சொல்வதில் தவறில்லை.

அடித்தள நிறுத்துமிடத்திலோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி நிறுத்துமிடத்திலோ நின்றுவிட்டால் பிளாட்பெட் உயரத் தடையைத் தாண்டி உள்ளே வராது. காரை உருளைத் தட்டுகளில் தள்ளியோ, உயரம் குறைந்த இழுவை வண்டியிலோ வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு உண்மையிலேயே கூடுதல் கட்டணம் உண்டு, கேட்பது நியாயம். தொலைபேசியிலேயே மாடி எண்ணையும் உயரத் தடையில் எழுதியிருக்கும் அளவையும் சொல்லி, தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். ஜோகூர் பக்கம் ஓட்டிப் போகிறவர்கள், அங்கே நின்றால் சிங்கப்பூர் வரை இழுவை ஒப்பந்தத்தில் அடங்குமா என்று புறப்படுமுன் கேட்டுவிடுங்கள்.

ஆக, அழைக்கும்போது கேட்க வேண்டியதை இப்படி வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்: ‘தாழ்வான கார், முன் உதடு 10 செ.மீ. உயரம், நான்கு சக்கர இயக்கம், பேட்டரி இல்லை. பிளாட்பெட்தானே? பலகை இருக்கிறதா? டயர் பட்டை இருக்கிறதா? இந்த இடத்திலிருந்து இந்தப் பட்டறைக்கு, இரவுக் கட்டணம் உட்பட மொத்தம் எவ்வளவு?’ பதில் எழுத்தில் வர வேண்டும். ‘வந்து பார்த்துச் சொல்றோம்’ என்பவரை விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். ‘லோ கார்’ கட்டணம் என்ற ஒன்று இருப்பதில் குற்றமில்லை, கார் ஏறிய பிறகு அது பிறப்பதுதான் குற்றம். சேருமிடம் மாறக்கூடாது என்பதையும் அதே செய்தியில் போடுங்கள். பட்டறை மூடியிருந்தால் வீட்டு நிறுத்துமிடத்தில் இறக்கச் சொல்லலாம்.

ஏற்றுமுன் உதட்டின் அடிப்பக்கம், இரண்டு ஸ்கர்ட்டுகள், நான்கு ரிம், பின் டிஃப்யூசர் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். ஏற்றுவதை வீடியோ எடுங்கள், வின்ச் கயிற்றின் நேர்க்கோட்டில் மட்டும் நிற்காதீர்கள். ‘சேதத்துக்குப் பொறுப்பில்லை’ என்ற சீட்டில் கையெழுத்து வாங்குவார்கள். அந்த வரியோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம்: கவனக்குறைவால் பொருளுக்கு வந்த சேதத்தில், அப்படிப்பட்ட விதி நியாயமானதாக இருந்தால்தான் செல்லும் என்கிறது நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம். பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போகலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, இரண்டு ஆண்டுகளுக்குள் கோரலாம், வழக்கறிஞர் கிடையாது. ஆனால் யார் மேல் கோருவது? பேநவ்வில் தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டு ரசீது வாங்காதவருக்கு நிறுவனத்தின் பதிவுப் பெயரே தெரிந்திருக்காது. ரசீதில் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தை அனுப்புங்கள்.

மேலே சொன்ன காரின் உரிமையாளர் கையில் ரசீது இருந்தது, எழுத்தில் 180 என்ற செய்தியும் இருந்தது. வாடகை 120-ஐயும் லோ கார் கட்டணம் 120-ஐயும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உதடு, அடித்தட்டு, ஆர்ம் பற்றிப் பேசினால் ‘ஏற்கெனவே இருந்த சேதம்’ என்கிறார்கள். ஏற்றுமுன் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.