உடலா, மூளையா? கணினிக்குள் நடை பழகும் உயிர்களை உருவாக்க நான்கு வழிகள்

கணினிக்குள் ஓர் உடலைச் செய்து, அதை ஆட்டுவிக்கும் நிரல் ஒன்றை அதற்கு மூளையாகவும் வைத்து, "அதிக தூரம் போனவனுக்குத்தான் வாரிசு" என்ற ஒரே விதியோடு பல தலைமுறை ஓடவிட்டால் என்ன ஆகும்? முப்பது வருடமாகப் பல ஆய்வுக் குழுக்கள் இதைச் செய்து பார்த்துவிட்டன. யாரும் வரையாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், நீந்தவும் தாவவும் ஊரவும் தெரிந்த உருவங்கள் பிறந்திருக்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இந்த வியப்பு குறைவதில்லை.

ஆனால் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் முடிச்சு ஒன்று உண்டு. உடல் மாறினால் மூளை கற்ற பாடம் வீணாகிவிடுகிறது. சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு, வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போகிற ஹேண்டில்பாரை மாட்டிக் கொடுத்தால் விழத்தானே செய்வார்? அதுபோலத்தான், நல்ல உடலோடு பிறந்த புது வாரிசும் பழைய மூளையோடு தடுமாறி விழுந்து, மதிப்பெண் வாங்காமல் அடுத்த தலைமுறைக்கு முன்பே கழிந்துவிடுகிறது. இப்படியே போனால் சீக்கிரத்திலேயே உடல் மாறுவது நின்றுபோகும். இந்த முடிச்சை யார் எப்படிக் கையாண்டார்கள் என்பதை வைத்துத்தான் இந்த முறைகளை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் கார்ல் சிம்ஸ். 1994-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் வந்த அவருடைய ஆய்வுதான் இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி. பெட்டி பெட்டியாக உடல், நடுவே மூட்டுகள். உடலும் மூளையும் சேர்ந்தே மாறும். 300 உருவங்கள், 100 தலைமுறை. 32 செயலிகள் கொண்ட கனெக்‌ஷன் மெஷின் சிஎம்-5 கணினிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேர வேலை. முடிச்சுக்கு அவர் கண்ட வழி அழகானது. நரம்புச் சுற்றின் பெரும்பகுதியை அந்தந்த உறுப்புக்குள்ளேயே வைத்துவிட்டார். மரபணுவில் ஒரு கால் இரண்டானால், அதை ஆட்டுவிக்கும் நரம்பும் கூடவே இரண்டாகும். புதுக் கால் வெறும் சுமையாகத் தொங்காமல் பிறக்கும்போதே அசையத் தெரிந்துகொண்டு பிறக்கிறது.

சிம்ஸிடம் கற்க வேண்டிய இன்னொன்று, விதியை எழுதுவதில் இருக்கும் ஆபத்து. நிலத்தில் வேகமாக நகர்வதற்கு மதிப்பெண் என்று வைத்தால், உயரமான கம்பம் போல வளர்ந்து தொபீரென்று சாய்ந்துவிடுவதே சுலபமான வழி. விழும்போது வேகம் கிடைக்கிறதே! அதனால் அவர் ஒவ்வொரு உருவத்தையும் முதலில் உராய்வே இல்லாத தரையில், தசை இயங்காமல் விட்டு, அதன் எடைமையம் இனி இறங்க முடியாத அளவுக்குத் தாழ்ந்த பிறகுதான் கடிகாரத்தை ஓட்டினார். விழ வேண்டியதெல்லாம் விழுந்து முடித்த பிறகே போட்டி தொடங்கும். பரிணாமம் நாம் கேட்டதைத்தான் கொடுக்கும், நினைத்ததைக் கொடுக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வழி, முடிச்சையே தவிர்ப்பது. எலும்புக்கூட்டை மனிதரே கொடுத்துவிடுவார். கெய்டன்பேக், வான் டி பன்னே, வான் டெர் ஸ்டாப்பென் மூவரும் 2013-இல் இரண்டு கால் உருவங்களுக்குச் செய்தது இது. தசை எலும்பில் எங்கே ஒட்ட வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்பதை மட்டும் கணினி தேடும். நரம்பில் செய்தி போய்ச்சேர ஆகும் தாமதத்தைக்கூடச் சேர்த்திருந்தார்கள். மனிதர் நடப்பதைப் படமெடுத்த தரவு எதுவும் கொடுக்காமலே நம்பும்படியான நடை கிடைத்தது. கேம், அனிமேஷன் செய்பவர்களுக்கு இது போதும். புது உடலைப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இங்கே வேலையில்லை.

மூன்றாவது வழி நேர் எதிர்: மூளையே வேண்டாம். நிக் செனி, மெக்கர்டி, க்ளூன், லிப்சன் நால்வரும் 2013-இல் 10×10×10 கட்டத்துக்குள் மென்மையான கனசதுரங்களை அடுக்கினார்கள். பொருள் நான்கே வகை: மாறி மாறிச் சுருங்கி விரியும் இரண்டு தசைகள், மென்மையான திசு, கடினமான எலும்பு. தசைகளின் தாளம் முன்பே முடிவானது, மாறாது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பது மட்டுமே பரிணாமத்தின் கையில். அதிலிருந்தே குதிரைப் பாய்ச்சல் போல ஒன்று, கம்பளிப்புழு போல ஊரும் ஒன்று, கையால் தரையைப் பற்றி இழுத்துப் போகும் ஒன்று என்று நடைகள் வந்தன.

இங்கே நுணுக்கம் மரபணுவில்தான் இருக்கிறது. ஆயிரம் கட்டத்துக்கும் ஆயிரம் தனித்தனி மரபணு என்று வைத்தபோது, தசையும் எலும்பும் புள்ளி புள்ளியாகக் கலந்து, உடல் நின்ற இடத்தில் நடுங்கியதே ஒழிய உருப்படியாக நகரவில்லை. இருக்கும் இடத்தைக் கொடுத்தால் பொருளைச் சொல்லும் கணிதச் சார்பு ஒன்றை மரபணுவாக வைத்ததும் தசைகள் பட்டை பட்டையாக ஒன்றுகூடின, இடமும் வலமும் ஒத்துப்போயின, நடை பிறந்தது.

மூளை இல்லாததில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. 2020-இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் இதே வழியில் கணினி தேடிக் கண்ட வடிவங்களை, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் தவளைக் கருவின் தோல் செல்களாலும் இதயத் தசை செல்களாலும் உண்மையிலேயே கட்டினார்கள். ஜெனோபாட் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர்த்துணுக்கு தானாக நகர்ந்தது. கவிழ்த்துப் போட்டால் நகர முடியவில்லை. அப்படியென்றால் நடை அந்த வடிவத்தில்தான் இருந்திருக்கிறது. சிம்ஸின் பெட்டி உயிர்கள் இப்படித் திரையை விட்டு வெளியே வந்ததில்லை.

நான்காவது, 2021-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து அக்ரிம் குப்தா, சவரேசே, சூர்யா கங்குலி, ஃபெய்-ஃபெய் லி ஆகியோர் செய்தது. உடல் பரம்பரையாக வரும், மூளை வராது. பிறக்கும் ஒவ்வோர் உடலும் நடையை அதன் ஆயுளுக்குள் முதலிலிருந்து கற்க வேண்டும். கற்று முடித்த பிறகே மதிப்பெண். பழைய மூளை புது உடலைக் கவிழ்க்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. விலைதான் அதிகம்: 1152 சிபியுக்கள், சுமார் 4000 உடல்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி.

கொடுத்த விலைக்குக் கிடைத்த பலன் பெரிது. சீக்கிரம் கற்பதற்கு மதிப்பெண் எதுவும் கிடையாது. கடைசியில் எவ்வளவு நன்றாக நடக்கிறது என்பதே கணக்கு. அப்படியிருந்தும் தலைமுறை போகப் போக, சீக்கிரம் கற்கும் உடல்களே நிலைத்தன. முன்னோர் ஆயுளின் கடைசியில் எட்டியதை வாரிசுகள் பாதியிலேயே எட்டின. மேடு பள்ளத்தில் வளர்ந்த உடல்கள், சமதரையில் வளர்ந்தவற்றைவிடப் புது வேலைகளையும் நன்றாகக் கற்றுக்கொண்டன.

நடுவழி ஒன்றும் உண்டு. செனியும் போங்கார்டும் இன்னும் சிலரும் 2018-இல் உடல் மாறிப் பிறந்த வாரிசை வயதில் இளையதாகக் கணக்கிட்டு, மூத்தவற்றோடு மோதவிடாமல் கொஞ்ச காலம் காத்தார்கள். செலவு குறைவு, பலனும் உண்டு.

முடிச்சை அடியோடு அவிழ்த்தது எது என்றால் நான் நான்காவதைத்தான் சொல்வேன். ஆனால் நடை எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள மூளையில்லாத மென்னுடல்களுக்கு இணை கிடையாது. கல்லூரி மாணவர் யாராவது கேட்டால் அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். எம்ஐடி குழு 2021-இல் இலவசமாக வெளியிட்ட எவல்யூஷன் ஜிம் என்ற மென்பொருளில் இரண்டு பரிமாண மென்னுடல்களும், நடப்பது, ஏறுவது, பொருளைச் சுமப்பது என்று முப்பதுக்கும் மேற்பட்ட பணிகளும் இருக்கின்றன. உடலுக்குப் பரிணாமம், மூளைக்குப் பயிற்சி என்ற நான்காவது வழியையும் அதிலேயே செய்து பார்க்கலாம். அவர்கள் சோதித்த முறைகள் கடினமான பணிகள் சிலவற்றில் தோற்றன. ஆர்வம் உள்ளவர்கள் அந்தப் பணிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.